பூட்டிய அறைக் கதைகள்: முதலில் எதைக் கையில் எடுப்பது?

உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட அறை. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனால் தரையில் பிணம். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியபடியே இருக்கின்றன. கொலைகாரனை மட்டும் காணோம். 1841-ல் எட்கர் ஆலன் போ பாரிஸ் நகரத்தில் நடப்பதாக ஒரு சிறுகதை எழுதி இந்த வகையைத் தொடங்கிவைத்தார். அதன்பின் இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான் என்று எத்தனையோ பேர் இதே அறையைத் திரும்பத் திரும்பப் பூட்டிப் பார்த்துவிட்டார்கள். புதிதாக வாசிக்க வருகிறவருக்கு அதனாலேயே குழப்பம். எதில் தொடங்குவது?

இணையத்தில் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் முதலில் நிற்பது ஜான் டிக்சன் காரின் 'தி ஹாலோ மேன்' (1935). அமெரிக்கப் பதிப்பில் இதன் பெயர் 'தி த்ரீ காஃபின்ஸ்'. அந்த இடத்துக்கு வரலாற்று ஆதாரமும் உண்டு. துப்பறியும் கதை எழுத்தாளர் எட்வர்ட் ஹோக் 1981-ல் தம் துறையைச் சேர்ந்த எழுத்தாளர்கள், விமர்சகர்கள் 17 பேரிடம் சிறந்த பூட்டிய அறை நாவல் எது என்று கேட்டார். முதலிடம் 'தி ஹாலோ மேன்'. ஹேக் டால்பட்டின் 'ரிம் ஆஃப் தி பிட்' இரண்டாவது, கஸ்தோன் லெரூவின் 'மஞ்சள் அறையின் மர்மம்' மூன்றாவது. ஐந்தாவதாக வந்தது கார் இன்னொரு பெயரில் எழுதிய 'தி ஜூடஸ் விண்டோ' (1938).

யாராவது என்னிடம் கேட்டால், அந்த ஐந்தாவது புத்தகத்தைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். 'தி ஹாலோ மேன்' மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரட்டும். காரணத்தைச் சொல்கிறேன். எந்தக் கதையின் முடிச்சையும் அவிழ்க்க மாட்டேன், பயப்படாமல் படிக்கலாம்.

பூட்டிய அறைக் கதை என்றால் எல்லோரும் 'எப்படி' என்றுதான் கேட்கிறார்கள். எப்படி வெளியே போனான், எப்படித் தாழ்ப்பாள் விழுந்தது? எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 'ஏன்'. ஒருவனைக் கொல்ல வேண்டும் என்றால் இருட்டுச் சந்தில் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். அறையைப் பூட்டி, பனியில் தடம் விழாமல் பார்த்து, நிமிடக் கணக்குப் போட்டு இவ்வளவு பாடு எதற்கு? தற்கொலை என்று நம்பவைக்கப் பூட்டலாம். உள்ளே மாட்டிக்கொண்ட அப்பாவியின் தலையில் பழியைக் கட்டப் பூட்டலாம். கொலைகாரனே எதிர்பார்க்காத ஏதோ ஒன்று குறுக்கே வந்து அறை தானாகப் பூட்டிக்கொண்டிருக்கலாம். இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லையென்றால், அறையைப் பூட்டியது கொலைகாரன் இல்லை, எழுத்தாளர். வாசித்து முடித்ததும் நூல், ஊசி, கம்பி என்று ஏதோ வித்தையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார் என்ற ஏமாற்றம்தான் மிஞ்சும். இந்த 'ஏன்' என்ற தராசில் வைத்துத்தான் கீழே சொல்லும் புத்தகங்களை எடை போடுகிறேன்.

'தி ஹாலோ மேன்' எடுத்த எடுப்பிலேயே அசத்திவிடும். லண்டனில் பனி கொட்டும் ஒரு சனிக்கிழமை இரவு. பேராசிரியர் கிரிமோவின் படிப்பறைக்கு முகமூடி போட்ட ஒருவன் வருகிறான். அவன் உள்ளே போவதைக் கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருக்கும் செயலாளர் பார்க்கிறார். துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. கதவைத் திறந்தால் கிரிமோ குண்டடிபட்டுக் கிடக்கிறார். வந்தவனும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பனி கலையாமல் கிடக்கிறது. அதே இரவில் பக்கத்துத் தெரு ஒன்றில் இன்னொருவன் நடுத்தெருவில் சுடப்பட்டுச் சாகிறான். மிக அருகிலிருந்து சுட்டிருக்கிறார்கள். ஆனால் பனியில் இருப்பது செத்தவனின் காலடித் தடம் மட்டும்தான். தெருவில் சாட்சிகள் இருந்தார்கள், அவர்கள் வேறு யாரையும் பார்க்கவில்லை. இதற்கெல்லாம் பின்னால் டிரான்சில்வேனியாவில் மூன்று சவப்பெட்டிகள் சம்பந்தப்பட்ட ஒரு பழைய கதை வேறு இருக்கிறது.

புத்தகத்தின் 17-ஆம் அத்தியாயம் தனியாகவே புகழ்பெற்றது. கதையில் துப்பறிபவரான டாக்டர் கிடியன் ஃபெல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, நாமெல்லாம் ஒரு துப்பறியும் கதைக்குள்தான் இருக்கிறோம், இல்லையென்று வாசகரிடம் நடிப்பானேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, பூட்டிய அறைக் கொலைகளை வகை பிரித்து விளக்க ஆரம்பிக்கிறார். உண்மையிலேயே மூடிக் கிடக்கும் அறையில் கொலை நடக்க ஏழு வழிகள். கதவையோ தாழ்ப்பாளையோ ஏமாற்றி, மூடியிருந்தது போலக் காட்ட ஐந்து வழிகள். சாவியைத் திருகுவது, கீலைக் கழற்றுவது, தாழ்ப்பாளை இழுப்பது என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறார். ரகசியச் சுரங்கம் வைக்கும் கதைகளை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கென்று 1929-ல் எழுதிய புகழ்பெற்ற பத்து விதிகளாவது ஒரே ஒரு ரகசிய வழிக்கு இடம் கொடுத்தன. கார் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

அந்த அத்தியாயத்துக்காகவே இந்த நாவலைத் தள்ளிப்போடச் சொல்கிறேன். அதுவரை நீங்கள் ஒரு பூட்டிய அறைக் கதைகூடப் படிக்காதவர் என்றால், ஃபெல் அடுக்கும் வழிகள் வெறும் பட்டியலாகத்தான் தெரியும். நாலைந்து கதைகளில் தலையை உடைத்துக்கொண்ட பிறகு வந்தால், நாம் யோசித்துக் கைவிட்ட வழிகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லும்போது வரும் சந்தோஷமே வேறு. இரண்டாவது காரணம் கதையின் முடிச்சு. இரண்டு கொலை, இரண்டும் நடக்க முடியாதவை, அவற்றுக்கிடையே நேரக் கணக்கு, பழைய சவப்பெட்டிக் கதை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. விடை வரும்போது பென்சிலும் காகிதமும் எடுத்து யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்று எழுதிப் பார்க்காமல் முழுசாகப் பிடிபடாது. எனக்கு அதில் ஆனந்தம்தான். முதல்முறை வருகிறவருக்கு மூச்சு முட்டும்.

'தி ஜூடஸ் விண்டோ'வில் இந்தச் சிக்கலே இல்லை. ஒரே அறை, ஒரே பிணம், ஒரே கேள்வி. இதை கார் தம் இன்னொரு பெயரான கார்ட்டர் டிக்சன் என்ற பெயரில் எழுதினார். ஜிம்மி ஆன்ஸ்வெல் என்ற இளைஞன், தான் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணின் அப்பாவைப் பார்க்க வருகிறான். வரப்போகும் மாமனார் ஏவரி ஹ்யூம் அவனுக்கு விஸ்கி ஊற்றிக் கொடுக்கிறார். குடித்ததும் தலை சுற்றி விழுகிறான். கண் விழித்துப் பார்த்தால், சுவரில் அலங்காரத்துக்கு மாட்டியிருந்த அம்புகளில் ஒன்று மாமனாரின் மார்பில் பாய்ந்து நிற்கிறது. கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. ஜன்னல்களின் இரும்புக் கதவுகள் மூடியிருக்கின்றன. அம்பில் இவனுடைய கைரேகை. மயக்க மருந்து கலந்த விஸ்கி என்று இவன் சொல்கிறான், ஆனால் விஸ்கிக் குடுவை தொடாமல் நிறைந்திருக்கிறது, கண்ணாடித் தம்ளர்கள் சுத்தமாக இருக்கின்றன.

அவன் நிரபராதி என்பது நமக்குத் தெரியும், ஏனென்றால் தொடக்கத்தில் அவன் கூடவே அந்த அறைக்குள் நாமும் இருக்கிறோம். வேறு ஒருவருக்கும் அவனை நம்பக் காரணமே கிடையாது. நான் கேட்ட 'ஏன்' என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது. தாழ்ப்பாள் போட்டிருக்கும்வரை கொலைகாரன் ஒருவனாகத்தான் இருக்க முடியும், அந்த ஒருவன் தூக்கு மேடைக்குப் போகிறான். பூட்டு இங்கே வாசகரைத் திகைக்கவைக்கும் வித்தையாக மட்டும் நிற்காமல், ஒரு மனிதனின் கழுத்தையும் இறுக்குகிறது.

மிச்சக் கதை முழுக்க லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நடக்கிறது. ஆன்ஸ்வெல்லுக்காக வாதாட எழுந்து நிற்பவர் சர் ஹென்றி மெரிவேல். வழுக்கைத் தலை, பெருத்த உடம்பு, எப்போதும் யாரையாவது திட்டிக்கொண்டே இருக்கும் வாய். சாட்சி ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறுகிறார்கள். அரசுத் தரப்பு கேட்டு முடித்ததும் வழக்கு முடிந்துவிட்டது போலவே தோன்றும். மெரிவேல் எழுந்து சின்னதாக ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்வார். அம்பின் வால் பக்கத்தில் இருக்கும் இறகில் ஒரு துண்டு பிய்ந்து காணாமல் போயிருக்கிறது. போலீஸ் அறை முழுக்கத் தேடியும் அந்தத் துண்டு கிடைக்கவில்லை. பூட்டிய அறைக்குள் பிய்ந்த இறகு எங்கே போகும்? ஜூரியில் இருப்பவர்களுக்கு முதல் சந்தேகம் அங்கேதான் விழுகிறது. எல்லா அறைகளிலும் ஒரு 'ஜூடஸ் ஜன்னல்' இருக்கிறது, நீங்கள் பார்க்கத்தான் தவறிவிட்டீர்கள் என்று அவர் சொல்லும்போது, நாம் உட்கார்ந்து வாசிக்கும் அறையையே ஒருமுறை சுற்றிப் பார்ப்போம்.

நீதிமன்றம் என்ற ஏற்பாடு வாசகருக்குப் பெரிய உதவி. ஜூரிக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு துப்பும் தெளிவாக, சத்தமாக, இரண்டு தரப்பிலிருந்தும் சொல்லப்படுகிறது. எந்த அறையில் என்ன இருந்தது என்று முன்பக்கம் புரட்டத் தேவையே வராது. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள்தானே. அவர்களைப் படித்து வளர்ந்த நமக்குக் குறுக்கு விசாரணையின் ருசி நன்றாகவே தெரியும். மெரிவேலோடு ஒட்டிக்கொள்ள நமக்கு ஐந்து பக்கம் போதும்.

லெரூவின் 'மஞ்சள் அறையின் மர்மம்' இவர்கள் எல்லோருக்கும் மூத்தது. 1907-ல் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்தது. உள்ளே பூட்டிய அறையிலிருந்து மதில்த் ஸ்டாங்கர்சனின் அலறலும் துப்பாக்கிச் சத்தமும் கேட்கின்றன. வெளியே இருந்த அவளுடைய அப்பாவும் வேலைக்காரரும் கதவை உடைத்தால், அவள் ரத்தத்தில் கிடக்கிறாள், தாக்கியவன் இல்லை, ஜன்னலில் கம்பி. பதினெட்டு வயது நிருபன் ரூல்தபிய் துப்பறிய வருகிறான். இதுவரை எழுதியதிலேயே சிறந்த துப்பறியும் கதை இதுதான் என்று 'தி ஹாலோ மேன்' சொற்பொழிவில் டாக்டர் ஃபெல்லே பாராட்டுகிறார். பூட்டிய அறைக்கு லெரூ கொடுத்த விடை இன்றைக்கும் அழகாக இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரூல்தபிய் தனக்குத் தெரிந்ததை வாய்திறந்து சொல்லாமல் வாசகரை இழுத்தடிக்கிறான், உணர்ச்சி வசனங்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. பதிப்புரிமை முடிந்துவிட்டதால் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது என்பது இதற்குப் பெரிய பலம். பணம் செலவழிக்க விருப்பமில்லாதவர் இதிலேயே தொடங்கலாம், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

இப்போது ஜப்பான். காரோடு சரிசமமாக வைக்கத் தகுந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பது என் கருத்து. அவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல் இருந்தது. பழைய ஜப்பானிய வீடு மரச் சட்டமும் காகிதமும். இழுத்துத் தள்ளும் கதவுகள், பூட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்த வீட்டில் எங்கே போய்ப் பூட்டிய அறை வைப்பது? செய்ஷி யோகோமிஸோ போர்க்காலத்தில் ஒகயாமா கிராமப்புறத்துக்குக் குடிபெயர்ந்தார். கார் நாவல்களில் தோய்ந்திருந்த அவர், போர் முடிந்த மறுவருஷமே, 1946-ல், 'ஹோன்ஜின் மர்டர்ஸ்' தொடரைப் பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். 1948-ல் ஜப்பான் துப்பறியும் எழுத்தாளர் அமைப்பின் முதல் விருது இதற்குத்தான் கிடைத்தது.

கதை நடப்பது 1937-ல். ஒரு காலத்தில் பிரபுக்கள் பயணத்தில் தங்கிச் செல்லும் விடுதி நடத்திய பெருமை கொண்ட இச்சியானகி குடும்பம். மூத்த மகன் ஒரு பள்ளி ஆசிரியையைக் கட்டிக்கொள்கிறான். பெண் வீட்டார் அந்தஸ்தில் குறைந்தவர்கள் என்று இவன் வீட்டில் எல்லோருக்கும் முகம் சுளிப்பு. திருமண இரவு, விடிவதற்கு முன், புதுமணத் தம்பதி படுத்திருந்த தனி வீட்டிலிருந்து அலறல். கூடவே கோட்டோ வாத்தியத்தின் தந்தியை யாரோ வெறித்தனமாக மீட்டும் சத்தம். போய்ப் பார்த்தால் இருவரும் வெட்டுப்பட்டுக் கிடக்கிறார்கள். வீடு உள்ளே பூட்டியிருக்கிறது. சுற்றிலும் பனி, தடமே இல்லை. வெட்டிய வாள் வெளியே தோட்டத்துப் பனியில் செங்குத்தாகக் குத்தி நிற்கிறது. ரத்தத்தில் மூன்று விரல் அடையாளம்.

இங்கே வித்தை எப்படி நடந்தது என்று யோசித்தால், கொஞ்சம் இயந்திரத்தனமானது என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் 'ஏன்' என்ற இடத்தில் இந்த நாவல் என்னை உலுக்கிவிட்டது. அந்தக் கொலையை வேறொரு குடும்பத்தில், வேறொரு ஊரில் வைத்து எழுதவே முடியாது. வம்சப் பெருமை, யாருக்கு யார் சமம் என்ற கணக்கு, ஊர் வாய், கல்யாண வீட்டு மரியாதை எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள நமக்கு யாரும் அடிக்குறிப்பு போட வேண்டியதில்லை. துப்பறிபவர் கின்டாய்ச்சி கோசுகே கசங்கிய உடையில், திக்கித் திக்கிப் பேசி, யோசனை வந்தால் பரட்டைத் தலையைப் பரபரவென்று சொறிபவர். 2019-ல் ஆங்கிலத்தில் வந்த மொழிபெயர்ப்பு சுமார் 200 பக்கம்தான். ஆங்கிலமும் எளிமை. கார் எழுதும் ஆங்கிலம் 1930-களின் லண்டன் பேச்சுவழக்கோடு கொஞ்சம் சுற்றி வளைத்துப் போகும். ஆங்கில நாவல் வாசித்துப் பழக்கம் குறைவு என்றால் 'தி ஜூடஸ் விண்டோ'வுக்குப் பதிலாக இதையே முதலில் எடுங்கள், எந்த நஷ்டமும் இல்லை.

பெயர்கள்தான் ஆரம்பத்தில் தடுமாறவைக்கும். இச்சியானகி குடும்பத்தார் பெயர்களை முதல் இரண்டு அத்தியாயத்துக்குள் ஒரு துண்டுத்தாளில் எழுதிவைத்துக்கொண்டால் பிறகு தொல்லை இல்லை.

'பழசு வேண்டாம், புதுசாக ஏதாவது சொல்லுங்கள்' என்பவர்களுக்கு யுகிட்டோ அயட்சுஜியின் 'டெககன் ஹவுஸ் மர்டர்ஸ்' (1987). 1950-களின் கடைசியிலிருந்து ஜப்பானில் சமூக யதார்த்தத் துப்பறியும் கதைகளின் கை ஓங்கி, புதிர்க் கதைகள் ஓரங்கட்டப்பட்டன. சோஜி ஷிமாடா 1981-ல் 'டோக்கியோ ஸோடியாக் மர்டர்ஸ்' எழுதிக் கதவைத் திறந்தார். 26 வயதில் இந்த முதல் நாவலோடு வந்த அயட்சுஜிக்குப் பின்னால் ஒரு தலைமுறையே திரண்டு வந்தது. பல்கலைக்கழக மர்மக் கதை மன்றத்தைச் சேர்ந்த மாணவர்கள் ஏழு பேர் ஆளில்லாத தீவில் உள்ள பத்துக்கோண வடிவ வீட்டில் தங்கப் போகிறார்கள். ஒருவரையொருவர் எல்லரி, கார், லெரூ, போ, அகதா என்று பழைய எழுத்தாளர் பெயராலேயே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஒரு காலையில் மேஜைமேல் பெயர்ப்பலகைகள்: முதல் பலி, இரண்டாம் பலி என்று வரிசையாக. கடைசியில் துப்பறிபவர், கொலைகாரன் என்றும் இரண்டு.

கண்டிப்பாகச் சொன்னால் இது பூட்டிய அறைக் கதை இல்லை, பூட்டிய தீவுக் கதை. அகதா கிறிஸ்டி 1939-ல் போட்டுக் கொடுத்த பாதை. அத்தியாயங்கள் தீவில் ஒன்று, கரையில் ஒன்று என்று மாறி மாறி ஓடுகின்றன. ராஜேஷ்குமார் நாவல்களில் இரண்டு தனித்தனிக் கதைகள் ஓடி முடிவில் ஒன்றுசேரும் அமைப்பில் பழகியவர்களுக்கு இந்த ஓட்டம் கைவந்த கலை. வேகத்தில் மற்ற நாலு புத்தகமும் இதன் பக்கத்தில் வர முடியாது. ஒரே ஒரு வரியில் மொத்தக் கதையும் தலைகீழாகும் இடம் ஒன்று உண்டு, அதற்காகப் பின்பக்கங்களைத் தயவுசெய்து புரட்டிவிடாதீர்கள். குறை என்றால் பாத்திரங்கள். மாணவர்கள் செத்து விழும்போது நமக்குத் துக்கமே வருவதில்லை, ஏனென்றால் அவர்களைப் பற்றி அவ்வளவு குறைவாகத்தான் சொல்லப்படுகிறது. ஆன்ஸ்வெல்லுக்காகப் பதறியது போல இங்கே யாருக்காகவும் பதறவில்லை. அது ஒன்றுதான் இதை என் பட்டியலில் கீழே இறக்குகிறது.

இன்றைக்கு எழுதுபவர்களில் பிரெஞ்சு எழுத்தாளர் போல் ஆல்டேர், இங்கிலாந்தின் டாம் மீட் இருவரும் நேரடியாகக் காரின் வழியில் வருகிறார்கள். மீடின் 'டெத் அண்ட் தி கான்ஜுரர்' (2022) 1930-களின் லண்டனிலேயே நடக்கிறது. நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் காரைப் படித்துவிட்டு வந்தால்தான் அவர்கள் எங்கே அவருக்கு வணக்கம் வைக்கிறார்கள், எங்கே அவரைத் தாண்டப் பார்க்கிறார்கள் என்று தெரியும். அதனால் இவர்களைத் தொடக்கத்தில் வைக்க மாட்டேன்.

ஆக என் வரிசை: 'தி ஜூடஸ் விண்டோ', 'ஹோன்ஜின் மர்டர்ஸ்', பிறகு 'தி ஹாலோ மேன்'. வேகம்தான் முக்கியம் என்பவர் நடுவில் 'டெககன் ஹவுஸ்' சேர்த்துக்கொள்ளலாம். லெரூ எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஆனால் 'தி ஹாலோ மேன்' 17-ஆம் அத்தியாயத்துக்கு முன்னால் வந்துவிட்டால் நல்லது. வாங்கியதும் முன்னுரையைப் படிக்காதீர்கள், மறுபதிப்புகளின் முன்னுரைகள் சிலசமயம் விடையைப் போட்டு உடைத்துவிடுகின்றன. விக்கிப்பீடியா பக்கமும் போகவேண்டாம்.

நாவலுக்கெல்லாம் நேரமில்லை, இந்த வகை நமக்குப் பிடிக்குமா என்று ஒரே இரவில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், ஜாக் ஃபுட்ரெல் 1905-ல் எழுதிய 'தி பிராப்ளம் ஆஃப் செல் 13' சிறுகதை இருக்கிறது. பிற்பாடு டைட்டானிக் கப்பலோடு மூழ்கிப் போனவர் அவர். இந்தக் கதையும் காசில்லாமல் கிடைக்கும். கொலையே கிடையாது. மூளை ஒன்றை வைத்துக்கொண்டு எந்தச் சிறையிலிருந்தும் ஒரு வாரத்தில் வெளியே வருவேன் என்று பேராசிரியர் வான் டூசன் பந்தயம் கட்டி, தூக்குத் தண்டனைக் கைதியின் அறைக்குள் தானே போய் உட்காருகிறார். அவர் கேட்பது பல்பொடி, பாலிஷ் போட்ட ஷூ, ஐந்து டாலர் நோட்டு ஒன்று, பத்து டாலர் நோட்டு இரண்டு. இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று படிப்பதை நிறுத்திவிட்டு நீங்களே பத்து நிமிஷம் யோசித்தீர்கள் என்றால், மறுநாளே 'தி ஜூடஸ் விண்டோ' வாங்கிவிடலாம். யோசிக்கப் பொறுமையில்லாமல் கடைசிப் பக்கத்துக்குத் தாவினால், 'டெககன் ஹவுஸ்' உங்களுக்குச் சரிப்படும்.